டோல் அடியில் எழும் மெட்டல்: பிளடிவுட் குழுவின் ‘ரக்ஷக்’

நாட்டார் இசையையும் ஹெவி மெட்டலையும் சேர்த்துத் தருகிறோம் என்று அறிவித்துக்கொண்டு வரும் பாடல்களில் பெரும்பாலானவற்றை முதல் நிமிடத்திலேயே எடைபோட்டுவிடலாம். தொடக்கத்தில் தம்புராவின் ரீங்காரம் எழும், அதன்மேல் ஒரு புல்லாங்குழல் மெல்ல இழையும், பிறகு கிட்டார் இடிபோல் இறங்கும். கிட்டார் இறங்கிய பிறகு அந்தப் புல்லாங்குழலைத் தேடினாலும் கிடைக்காது. வாசலில் கட்டிய தோரணம் போல நாட்டார் கருவி முகப்பில் தொங்குமே தவிர, வீட்டுக்குள் அதற்கு ஒரு வேலையும் இருக்காது. டெல்லியைச் சேர்ந்த பிளடிவுட் குழு 2022 பிப்ரவரி 18 அன்று எந்த இசை நிறுவனத்தின் துணையுமின்றித் தானே வெளியிட்ட ‘ரக்ஷக்’ என்ற ஆல்பம் அந்த வரிசையில் சேராது. இதில் டோல் என்ற பஞ்சாபி மேளத்தை எடுத்துவிட்டால் பாட்டே நிற்காது. பத்துப் பாடல்களையும் பலமுறை கேட்ட பிறகு நான் இந்த ஆல்பத்துக்குத் தரும் முதல் மதிப்பெண் அதற்காகத்தான்.

இந்தக் குழுவை இப்போது புதிதாகக் கண்டடைபவர்கள் பெரும்பாலும் 2025 மார்ச்சில் வந்த ‘நூ டெல்லி’ என்ற இரண்டாம் ஆல்பத்தின் வழியாகவோ, அதில் ஜப்பானின் பேபிமெட்டல் குழுவுடன் சேர்ந்து பாடிய ‘பேகௌஃப்’ பாடலின் வழியாகவோ வருகிறார்கள். அது ஃபியர்லெஸ் ரெக்கார்ட்ஸ் என்ற அமெரிக்க நிறுவனத்தின் வெளியீடு. அதில் மெருகு அதிகம், நீளம் குறைவு. ஆனால் இந்தக் குழு தன் பாணியை யாரையும் கேட்காமல் தானே கண்டுபிடித்துக்கொண்டது எப்படி என்று அறிய விரும்புகிறவர்கள் முதல் ஆல்பத்துக்குத்தான் போக வேண்டும்.

கரண் கட்டியாரும் ஜயந்த் பதூலாவும் 2016-இல் சேர்ந்து தொடங்கிய குழு இது. கரண் ஒரு வழக்கறிஞர். வேலையை விட்டுவிட்டு முழுநேர இசைக்கு வந்தவர். பிரபலமான பாப் பாடல்களை எடுத்து, அவற்றை மெட்டலாக மாற்றி, கேலியும் கிண்டலுமாக யூடியூபில் போடுவதுதான் இருவரின் தொடக்ககால வேலையாக இருந்தது. 2017-இல் வந்த ‘ஆன்டி-பாப்’ தொகுப்பும் முழுக்க முழுக்க மற்றவர்களின் பாடல்களுக்கான மறுவடிவங்களே. அந்தக் காணொளிகளைப் பார்த்துச் சிரித்துவிட்டுக் கடந்துபோனவர்கள் பலர். கேலியைத் தாண்டி இவர்களிடம் சொந்தச் சரக்கு இருக்குமா என்ற ஐயம் அப்போது நியாயமானதுதான். 2018-இல் ‘அரி அரி’ என்ற மறுவடிவில் ராப் பாடகர் ராவுல் கெர் இவர்களுடன் சேர்ந்த பிறகு திசை மாறியது. சொந்தப் பாடல்கள் வரத் தொடங்கின. 2019 ஆகஸ்டில் ஜெர்மனியின் வாக்கன் கிராமத்தில் நடக்கும் மாபெரும் மெட்டல் விழாவில் மேடையேறினார்கள். சொந்தப் பாடல்களால் ஆன ஒரு முழு ஆல்பம்கூடக் கையில் இல்லாத குழுவுக்கு அந்த மேடை கிடைத்தது அபூர்வம். அடுத்து வந்த பெருந்தொற்றுக் காலம் உலகெங்கும் கச்சேரிகளை நிறுத்திவைத்ததால், சொந்தப் பாடல்கள் மட்டுமே கொண்ட முதல் ஆல்பம் 2022-இல்தான் கைக்கு வந்தது.

ஆல்பத்தின் மையத்தில் இருப்பவர்கள் மூவரே. இசையமைப்பும் கிட்டாரும் புல்லாங்குழலும் ஒலிப்பதிவுத் தயாரிப்பும் கரணின் பொறுப்பு. இந்தியிலும் பஞ்சாபியிலும் உறுமுவதும் அலறுவதும் பாடுவதும் ஜயந்தின் பொறுப்பு. ஆங்கில ராப் ராவுலுடையது. மேடையில் இவர்களுடன் பேஸ் கிட்டாரும் டிரம்ஸும் டோலும் சேர்ந்து ஆறு பேராகிறார்கள். டோல் கலைஞர் சார்த்தக் பஹ்வா பின்வரிசையில் ஒதுங்கி நிற்பதில்லை. பாடகர்களுக்கு இணையாக முன்னால் நின்று வாசிக்கிறார். மேடையில் அவருக்குக் கிடைக்கும் அந்த இடம்தான் ஆல்பத்தில் டோலுக்கும் கிடைத்திருக்கிறது.

டோல் எப்படி வேலை செய்கிறது என்பதைச் சற்று விரிவாகச் சொல்ல வேண்டும். பஞ்சாபின் டோல் இரண்டு முகங்கள் கொண்ட பெரிய தோற்கருவி. வாரைத் தோளில் மாட்டிக்கொண்டு நின்றபடியோ ஆடியபடியோ வாசிப்பார்கள். கனத்த ஒலி தரும் முகத்தை ‘டக்கா’ எனப்படும் நுனி வளைந்த தடித்த கோலால் அடிப்பார்கள். கூரிய ஒலி தரும் முகத்துக்கு ‘தீலி’ எனப்படும் மெல்லிய பிரம்பு. பறையில் அடிக்குச்சியும் சுண்டுக்குச்சியும் வேலையைப் பிரித்துக்கொள்வதை அருகிலிருந்து பார்த்தவர்களுக்கு இந்த ஏற்பாடு உடனே புரிந்துவிடும். பாங்க்ரா ஆட்டத்துக்கு அடிப்படையான ‘சால்’ என்ற தாளம் எட்டு அடிகளின் சுழற்சி. ஆனால் அந்த எட்டும் கடிகாரம் போலச் சம இடைவெளியில் விழுவதில்லை. ஓர் அடி சற்றே நீண்டு நிற்க, அடுத்த அடி கொஞ்சம் பின்தங்கி வந்து விழுகிறது. கேட்பவரின் தோள் தானாகக் குலுங்குவது அந்தப் பின்தங்கலால்தான்.

மெட்டலின் தாளம் இதற்கு நேர் எதிர்த் திசையில் வளர்ந்தது. உள்ளங்கையால் தந்தியை அமுக்கிக்கொண்டு வாசிக்கும் ரிஃப்பும் (திரும்பத் திரும்ப வரும் கிட்டார் துணுக்கு), அதனுடன் அச்சுப் பிசகாமல் ஒட்டி ஓடும் டிரம்ஸும் எவ்வளவு இறுக்கமாகச் சம இடைவெளியில் விழுகின்றனவோ அவ்வளவுக்கு நல்ல மெட்டல் என்று பெயர். இரண்டையும் அப்படியே ஒன்றின்மேல் ஒன்றாக வைத்தால் ஒன்று மற்றொன்றின் காலை மிதிக்கும். இதனால்தான் பலர் நாட்டார் தாளத்தைத் தொடக்கத்தோடு நிறுத்திவிடுகிறார்கள். கரண் கட்டியார் வேறு வழியில் போயிருக்கிறார்: டோலை மெட்டலுக்கு ஏற்றபடி நிமிர்த்தாமல், கிட்டாரை டோலுக்கு ஏற்றபடி வளைக்கிறார். மெட்டலுடன் ஹிப்-ஹாப்பைக் கலந்த 1990-களின் நு-மெட்டல் இசையில் ஏற்கெனவே இருந்த துள்ளல் அதற்குக் கைகொடுக்கிறது. ‘மச்சி பசட்’ பாடலில் இதைத் தெளிவாகக் கேட்கலாம். அதில் கிட்டார் வாசிப்பது மெட்டைவிடத் தாளம் என்று சொல்வதே பொருந்தும். டோல் எங்கே மூச்சு விடுகிறதோ அங்கே கிட்டாரும் மூச்சு விடுகிறது. ‘பியாண்ட் குட் அண்ட் ஈவில் 2’ என்ற வீடியோ கேமுக்காக உருவான பாடல் இது. அந்தப் பின்னணி தெரியாமல் கேட்டாலும், ஆயிரக்கணக்கானோர் ஒரே நேரத்தில் குதிப்பதற்கென்றே செய்யப்பட்ட பாட்டு என்பது முதல் சுற்றிலேயே விளங்கிவிடும்.

இதில் ஒரு தொழில்நுட்பச் சிக்கலும் உண்டு. டோலின் கனத்த முகம், டிரம்ஸில் காலால் மிதிக்கும் பெரிய முரசு, பேஸ் கிட்டார், சுருதியைத் தாழ்த்தி வைத்த மெட்டல் கிட்டார் ஆகிய நான்கும் ஒலியின் ஒரே அடித்தளத்தில் நெருக்கியடித்து உட்காரப் பார்ப்பவை. எல்லா ஒலிகளையும் அளவாகக் கலக்கும் மிக்ஸிங்கில் கொஞ்சம் அசந்தாலும் எல்லாம் சேர்ந்து ஒரே இரைச்சலாகிவிடும். இந்த ஆல்பத்தில் தீலியின் கூரிய தட்டல் மேலெழும்பி நிற்கும்படி விடப்பட்டிருக்கிறது. அதைப் பிடித்துக்கொண்டு காது அடியிலுள்ள கனத்தையும் கண்டுபிடித்துவிடுகிறது. நல்ல ஹெட்போனில் இது வெகுவாகச் சுவைக்கும். கைப்பேசியின் சின்ன ஸ்பீக்கரில் கேட்டால் டக்கா முற்றிலும் காணாமல் போய், ஏதோ தகரத்தைத் தட்டுவது போலத்தான் மிஞ்சும். அப்படிக் கேட்டுவிட்டு ஆல்பத்தைக் குறை சொல்லக் கூடாது.

ஆல்பம் ‘கத்தார்’ (துரோகி) பாடலுடன் தொடங்குகிறது. மதத்தையும் அரசியலையும் கலந்து மக்களைப் பிரிப்பவர்களைத் துரோகிகள் என்று பெயர் சொல்லி அழைக்கும் பாட்டு. தொடக்கத்திலேயே இவ்வளவு கோபமா என்று தோன்றலாம், ஆனால் முதல் பாடலாக வைப்பதற்கு இதைவிடப் பொருத்தமானது இந்தப் பத்தில் இல்லை. குழுவின் எல்லா ஆயுதங்களும் நான்கைந்து நிமிடங்களுக்குள் மேசைமேல் வைக்கப்பட்டுவிடுகின்றன. அடுத்து வரும் ‘ஆஜ்’ புல்லாங்குழலை நம்பி நிற்கும் பாட்டு. இங்கே குழல் ஆலாபனை செய்துவிட்டு விலகுவதில்லை. கிட்டாரின் கனத்துக்கு மேலே நின்று மைய மெட்டைத் தானே தூக்கிச் செல்கிறது. மெட்டலில் வழக்கமாக முன்னணி கிட்டார் செய்யும் வேலை அது. கிட்டாரை வாசிப்பவரும் குழலை வாசிப்பவரும் ஒருவரே என்பதால் எது எப்போது விட்டுக்கொடுக்க வேண்டும் என்ற கணக்கு சரியாக விழுந்திருக்கிறது என்று நினைக்கிறேன்.

‘ஜஞ்ஜீரோ சே’ சற்று நிதானமானது. ஜயந்த் தன் உறுமலை ஓரமாக வைத்துவிட்டு இயல்பான குரலில் பாடும் பகுதிகள் இதில் அதிகம். அவருடைய குரலைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். மெட்டலில் உறுமத் தெரிந்தவர்கள் எவ்வளவோ பேர் இருக்கிறார்கள். உறுமும்போதும் சொல் விளங்கும்படி உறுமத் தெரிந்தவர்கள் குறைவு. பஞ்சாபிக்கும் இந்திக்கும் உரிய அழுத்தமான இரட்டை மெய்யெழுத்துகளை அவர் டோலின் அடி விழும் இடத்திலேயே உடைக்கிறார். என்னைப் போல இந்தியை எழுத்துக் கூட்டிப் புரிந்துகொள்ளும் கேட்பவருக்குக்கூட அந்தச் சொற்கள் தாளக் கருவியாகவே வந்து சேர்ந்துவிடுகின்றன. பாட்டின் பொருளைத் தெரிந்துகொள்ள விரும்புகிறவர்கள் யூடியூபில் துணைத்தலைப்புகளைப் போட்டுக்கொள்ளலாம். முதல் முறை கேட்கும்போது அது தேவையே இல்லை.

ஆல்பத்தின் மிகக் கடுமையான பாடல் ‘தனா தன்’. பெண்கள்மீதான பாலியல் வன்முறைக்கு எதிரான இந்தப் பாட்டு, தீர்வு சொல்வதற்கோ ஆறுதல் தருவதற்கோ முயலவில்லை. குற்றவாளியை நேருக்கு நேர் நின்று அடிக்கும் ஆத்திரத்தை மட்டுமே இசையாக்கியிருக்கிறது. அடித்தால்தான் திருந்துவார்கள் என்ற வாதத்தில் எனக்கு உடன்பாடு இல்லை. ஆனால் ஆத்திரத்தை ஆத்திரமாகவே பதிவு செய்யும் உரிமை இந்த இசை வடிவத்துக்கு என்றும் இருந்துவந்திருக்கிறது, இந்தப் பாட்டு அதை நேர்மையாகப் பயன்படுத்துகிறது. பத்துப் பாடல்களில் வேகத்திலும் இறுக்கத்திலும் இதற்கு இணை வேறில்லை.

இதற்கு மறுபக்கம் ‘ஜீ வீரே’. மனச்சோர்வில் இருப்பவரிடம் வாழச் சொல்லும் பாடல் இது. 2018-இல் தனிப்பாடலாக வந்தபோது, இணையவழி உளநல ஆலோசனைச் சேவை ஒன்றுடன் சேர்ந்து ரசிகர்களுக்கு இலவச ஆலோசனை அமர்வுகளையும் குழு ஏற்பாடு செய்தது. நல்ல நோக்கத்துக்காக எழுதப்படும் பாட்டுகளில் பல நோக்கத்தின் பாரம் தாங்காமல் படுத்துவிடும். இது படுக்கவில்லை, ஏனென்றால் சொல்ல வந்ததை முதலில் மெட்டே சொல்லிவிடுகிறது. பள்ளிகளில் நடக்கும் வதையைப் பற்றிய ‘எண்ட்யூரன்ட்’ அந்த அளவுக்கு வெற்றி பெறவில்லை. அதில் வரும் அறிவுரை காதில் விழுகிறதே தவிர, பாட்டாக மனத்தில் தங்குவதில்லை.

‘யாத்’ பாடலை நான் தனியாக எடுத்துவைத்துக் கேட்கிறேன். இழந்த ஒருவரின் நினைவைப் பற்றிய பாட்டு. அதன் காணொளி ஒரு மனிதனுக்கும் அவனுடைய நாய்க்கும் இடையிலான உறவைச் சொல்கிறது. வளர்ப்புப் பிராணியின் இழப்பை எழுதுவது எளிதில் அசட்டுத்தனமாகிவிடக்கூடிய காரியம். இங்கே புல்லாங்குழல் ஒரே இசைத்துணுக்கைத் திரும்பத் திரும்ப வாசிக்க, அதன் கீழே கிட்டார் கனமாகிக்கொண்டே போகிறது. துக்கத்தை அழுகுரலாக ஆக்காமல் எடையாக ஆக்கியிருக்கிறார்கள். மெட்டல் என்றால் கத்தல் என்று முடிவுகட்டிவிட்ட நண்பர் யாருக்காவது ஒரே ஒரு பாட்டைப் போட்டுக் காட்ட வேண்டுமென்றால் இதைப் போடலாம்.

கடைசி இரண்டு பாடல்களைப் பற்றி அதிகம் சொல்வதற்கில்லை. ‘பி.எஸ்.டி.கே. டாட் எக்ஸி’ தன் தலைப்பிலேயே இந்தி வசைச்சொல் ஒன்றைச் சுருக்கி ஒளித்துவைத்திருக்கிறது. பாட்டும் அதற்கேற்பத்தான் இருக்கிறது, வீட்டில் பெரியவர்கள் இருக்கும்போது போட வேண்டாம். ‘சக் லே’ ஆல்பத்தை உரத்த குரலில் முடித்துவைக்கிறது, ஆனால் அதற்குள் காது இந்தக் குழுவின் உத்திகளை மனப்பாடம் செய்துவிட்டது.

இந்த ஆல்பத்தின் பெரிய குறை அதுதான். ஜயந்தின் உறுமல், அடுத்து ராவுலின் ராப், அடுத்து கைகளை உயர்த்திப் பாட ஏதுவான பெரிய பல்லவி, அதன்பின் எல்லாம் அடங்கி மீண்டும் வெடிக்கும் பிரேக்டவுன் என்ற வரிசை ஏறக்குறைய எல்லாப் பாடல்களிலும் வருகிறது. தனிப்பாடலாகக் கேட்டால் உறுத்தாத இந்த அமைப்பு, முக்கால் மணி நேரத்துக்கும் மேலாகத் தொடர்ந்து கேட்கும்போது அடுத்த திருப்பம் எங்கே என்று முன்கூட்டியே காட்டிக்கொடுத்துவிடுகிறது. பாடல்களில் கணிசமானவை 2018 முதலே ஒவ்வொன்றாக இணையத்தில் வந்துவிட்டவை என்பதும் இதற்கு ஒரு காரணமாக இருக்கலாம். ஒவ்வொன்றும் தனியாக நின்று கவனத்தை இழுப்பதற்காகச் செய்யப்பட்டது, ஒன்றுக்கு அடுத்து ஒன்றாக அமர்வதற்காகச் செய்யப்பட்டதல்ல. குழுவைத் தொடக்கத்திலிருந்தே பின்தொடர்ந்தவர்களுக்கு ஆல்பத்தில் புதிதாகக் கிடைத்தது குறைவு. புதிதாக வருகிறவர்களுக்கு அந்த மனக்குறை இருக்காது.

ராவுல் கெர்ரின் வரிகளிலும் எனக்குத் தயக்கம் உண்டு. அவருடைய உச்சரிப்பு சுத்தமானது, தாளத்தில் அவர் நிற்கும் விதம் உறுதியானது. ஆனால் அவர் எழுதுவது பல இடங்களில் மேடைப் பேச்சாகவே இருக்கிறது. ஒன்றுபடுவோம், எழுவோம், விட்டுக்கொடுக்க மாட்டோம் என்ற வகையான பொதுச் சொற்கள் எந்த நாட்டில் எந்தக் காரணத்துக்காகவும் பாடக்கூடியவை. ‘கத்தார்’ போன்ற பாடல்களில் குறிப்பான இலக்கு இருப்பதால் வரிகளுக்கும் கூர்மை வருகிறது. இலக்கு மங்கும் இடங்களில் வரிகளும் மங்கிவிடுகின்றன. ஜயந்தின் பகுதிகளில் இந்தச் சிக்கல் எனக்குத் தென்படவில்லை, அதற்கு என் இந்தி அறிவின் வரம்பும் காரணமாக இருக்கலாம் என்பதை ஒப்புக்கொள்வதில் தயக்கமில்லை.

ஒலிப்பதிவைப் பொறுத்தவரை, நிறுவனத்தின் பணமில்லாமல் குழுவே செய்துகொண்ட ஆல்பம் என்று சொன்னால்தான் தெரியும். ஆனாலும் எல்லாம் எப்போதும் உச்ச ஒலியிலேயே நிற்கிறது. மெல்லிய பகுதிக்கும் உரத்த பகுதிக்கும் இடையில் இருக்க வேண்டிய இடைவெளி மாஸ்டரிங் என்ற கடைசிக்கட்ட ஒலிச் சீரமைப்பில் நசுக்கப்பட்டுவிட்டதால், ‘யாத்’ போன்ற பாடல்கள் இன்னும் ஆழமாக இறங்கியிருக்கக்கூடிய இடங்களில் மேலேயே மிதக்கின்றன. டிரம்ஸின் ஒலி மிகையாகச் சீராக்கப்பட்டு, டோலின் மனிதத்தனமான பிசிறுக்குப் பக்கத்தில் சற்று இயந்திரமாகத் தெரிகிறது. கிட்டாரில் நீண்ட தனியாவர்த்தனங்களை எதிர்பார்க்கும் பழைய ஹெவி மெட்டல் ரசிகர்களுக்கும் இங்கே விருந்தில்லை.

உள்ளூர்த் தாளக் கருவிகளை மெட்டலுக்குள் கொண்டுவருவது இவர்கள் தொடங்கிவைத்ததல்ல. பிரேசிலின் செபுல்துரா என்ற மெட்டல் குழு 1996-லேயே தன் நாட்டின் பழங்குடி இசையையும் தாளங்களையும் ஆல்பத்தின் நடுவில் வைத்தது. நமக்கு இன்னும் நெருக்கமான எடுத்துக்காட்டு சிங்கப்பூரின் ருத்ரா. 1992-இல் தொடங்கிய அந்தக் குழு வேதாந்தக் கருத்துகளையும் சமஸ்கிருத மந்திரங்களையும் மெட்டலின் கடுமையான வகையான டெத் மெட்டலுடன் சேர்த்துத் தனக்கென ஒரு பாதையையே போட்டது. ருத்ராவைக் கேட்கக் கவனமும் பொறுமையும் வேண்டும். பிளடிவுட் அப்படி எதையும் கேட்பதில்லை. ருத்ராவின் தத்துவ ஆழம் இவர்களிடம் இல்லை. மெட்டலே கேட்டிராத ஒருவரையும் முதல் பாட்டிலேயே எழுந்து நிற்கவைக்கும் ஆற்றல் இவர்களிடம் இருக்கிறது. 2022-இல் ஜப்பானின் ஃபூஜி ராக் விழாவில் இவர்களுடைய நிகழ்ச்சியைக் காணொளியில் பார்த்தவர்களுக்கு இதை விளக்கத் தேவையில்லை.

வாங்கும் முறையைப் பற்றி ஒரு சொல். எல்லாப் பாட்டுச் செயலிகளிலும் ஆல்பம் கிடைக்கிறது. கேட்டுப் பார்க்க அது போதும். பிடித்திருந்தால் பேண்ட்கேம்ப் தளத்தில் விலை கொடுத்து வாங்குவது நல்லது. டிஜிட்டல் விற்பனையில் அந்தத் தளம் எடுத்துக்கொள்வது அதிகபட்சம் 15 சதவீதம். பணம் செலுத்தும் சேவைக்கான சிறு கட்டணம் போக மீதி குழுவுக்கே போகிறது. ஒலித்தரம் குறையாத ஃப்ளாக் கோப்பாகத் தரவிறக்கியும் வைத்துக்கொள்ளலாம். முழு ஆல்பத்தையும் ஒரே அமர்வில் கேட்க வேண்டாம் என்பது என் பரிந்துரை. ‘கத்தார்’, ‘ஆஜ்’, ‘மச்சி பசட்’ மூன்றையும் ஒரு நாளில் கேளுங்கள். ‘ஜீ வீரே’, ‘யாத்’ இரண்டையும் இன்னொரு நாளுக்கு வையுங்கள். ‘தனா தன்’ பாடலுக்கு அக்கம்பக்கத்தார் வீட்டில் இல்லாத நேரமாகப் பார்த்துக்கொள்ளுங்கள்.